பாண், சீஸ், பூட்டின கேற்: இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் நடக்கிறதும் சாப்பிடுறதும்

எங்கட ஊர்களில் 'லண்டன்' என்றால் அது முழு இங்கிலாந்தும்தான். லெஸ்டரில் இருக்கிற மாமாவும் லண்டனில்தான் இருக்கிறார், கொவென்ட்ரியில் இருக்கிற அக்காவும் லண்டனில்தான். அந்த 'லண்டனுக்கு' உள்ளேயே வயல், மேடு, செம்மறி, கல்மதில் என்று இன்னொரு நாடு இருப்பதை எங்களில் பலருக்கு முதலில் காட்டினது பிஸ்கட் ரின் மூடிகள்தான். சுற்றுலாக் கையேடுகள் விற்பதும் ஏறத்தாழ அதே படத்தைத்தான். காலையில் மலையில் நடவுங்கள். மத்தியானம் கிராமத்து பப் ஒன்றில் 'உழவர் மதிய உணவு' சாப்பிடுங்கள். பின்னேரம் ஒரு பிரபுவின் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். எல்லாம் ஆயிரம் வருசமாக இப்படியே இருந்து வருகிறது என்ற தொனியில் எழுதியிருப்பார்கள்.

நாங்களும் இங்கே எங்கே சாப்பிடலாம், என்ன செய்யலாம் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போகப்போகிறோம். அப்படிக் கேட்கத் தொடங்கினால் பிஸ்கட் ரின் மூடியில் இருக்கிற பச்சை ஒரு நீண்ட காணிச் சண்டையின் மேல் வளர்ந்த பச்சை என்று தெரியவரும்.

முழு இங்கிலாந்தையும் சுற்ற இடம் போதாது. ஆகவே மன்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கிடக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட்டை எடுத்துக்கொள்கிறோம். பெரும்பகுதி டார்பிஷயருக்குள் வருகிறது. இந்தியாவிலிருந்து பருத்தியை வாங்கித் துணியாகத் திருப்பி அனுப்பிய மன்செஸ்டர் ஒரு பக்கம், கத்தியும் உருக்கும் செய்த ஷெஃபீல்டு மறுபக்கம். நடுவில் கரிய சதுப்பும் புதரும் மூடின உயர்நிலம். அதன் உச்சி கிண்டர் ஸ்கவுட், 636 மீற்றர். பிதுருதலாகலையோடு ஒப்பிட்டால் அது ஒரு மேடுதான். ஆனால் ஆலைப் புகைக்குள் ஆறு நாள் நின்ற ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை ரெயில் ஏறி அடையக்கூடிய வானம் அது.

அந்த வானத்துக்குக் கேற் போட்டிருந்தார்கள்.

கேற் எப்போது வந்தது? யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கிறது என்றால் கதியாலும் கிடுகும். ஓர் அடி தள்ளிப் போட்டால் மூன்று தலைமுறைக்குக் கோடும் வழக்கும். இங்கிலாந்தில் பாராளுமன்றமே வேலியைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தது. 1604இலிருந்து 1914வரை 5,200க்கும் அதிகமான வேலியடைப்புச் சட்டமூலங்கள் வந்தன. அவற்றின் கீழ் போன நிலம் சுமார் 68 இலட்சம் ஏக்கர். இலங்கையின் மொத்தப் பரப்பே சுமார் 162 இலட்சம் ஏக்கர்தான் என்பதை வைத்து அளந்து பாருங்கோ. ஊர்ச் சனம் மாடு மேய்த்த, விறகு பொறுக்கின, அடுப்புக்குக் கரிமண் வெட்டின பொதுநிலங்களும் அதற்குள் அடக்கம். வழக்கத்தில் இருந்த உரிமைக்குக் கடதாசி கேட்டால் ஏழையிடம் என்ன இருக்கும்? கடதாசி வைத்திருந்தவர்களுக்கும் சில சமயம் பங்கு கிடைத்தது. ஆனால் அந்தத் துண்டுக்கு வேலி போடுகிற செலவே கட்டாமல் அதைப் பெரிய காணிக்காரருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

பீக்கின் உயர்நிலங்களும் அப்படித்தான் கைமாறின. அங்கே நெல்லா கோதுமையா விளையப்போகிறது? விளைந்தது கிரவுஸ். கௌதாரிக்கு உறவான ஒரு பறவை. ஓகஸ்ட் 12ஆம் திகதி அதைச் சுடுகிற காலம் தொடங்கும். பிரபுக்களும் அவர்களுடைய விருந்தாளிகளும் வந்து சுடுவார்கள். வருடத்தில் சில நாள் நடக்கிற அந்தச் சூட்டுக்காக வருடம் முழுவதும் மலை பூட்டிக் கிடந்தது. பூட்டைக் காக்க வேட்டைக் காவலர்கள் கம்புகளோடு நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்செஸ்டரிலிருந்து இளைஞர்கள் ஹேஃபீல்டு என்ற மலையடிவார ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் மாறுபடும். 400 என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. முன்னுக்கு நின்றவர் பெனி ரொத்மன். வயது 20. ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை, மோட்டார் வேலை பழகினவர், கம்யூனிஸ்டுகளோடு நெருங்கிய பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தில் இருந்தவர். ரெயில் நிலையத்தில் பொலிஸ் நிற்கும் என்று சைக்கிளில் வந்தார். ஊர் மைதானத்தில் கூட்டம் வைக்கத் தடை என்றதும் எல்லோரும் போடன் பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த பழைய கல்லுடைத்த குழிக்குள் போனார்கள். பேச வேண்டியவர் பின்வாங்கினதால் பாறை ஒன்றில் ஏறி ரொத்மனே பேசினார். பிறகு எல்லோரும் வில்லியம் க்ளஃப் என்ற பள்ளத்தாக்கு வழியாக ஏறினார்கள். ஓரிடத்தில் பாதையை விட்டு இறங்கிச் சரிவில் பரவினார்கள். டெவன்ஷயர் கோமகனின் காவலர்கள் மறித்தார்கள். தள்ளுமுள்ளு. ஒரு காவலர் காயப்பட்டார். மேலே போனவர்கள் ஷெஃபீல்டுப் பக்கமிருந்து ஏறின இன்னொரு குழுவைச் சந்தித்துக் கையசைத்துவிட்டு இறங்கினார்கள். நடந்தது இவ்வளவுதான்.

கீழே பொலிஸ் காத்துக்கொண்டு நின்றது. அன்றைய சட்டத்தில் அடுத்தவர் காணிக்குள் நடப்பது குற்றமே அல்ல, வெறும் சிவில் விவகாரம். ஆகவே வழக்கை வேறு மாதிரிக் கட்டினார்கள்: கலகம் விளைவிக்கிற கூட்டம், காவலரைக் காயப்படுத்தியது என்று. டார்பியில் விசாரணை. ஜூரிகளில் பெரும்பாலானோர் காணிக்காரர்களும் இராணுவ அதிகாரிகளும். ஐந்து இளைஞர்களுக்கு 2 தொடக்கம் 6 மாதம்வரை சிறை. ரொத்மனுக்கு 4 மாதம்.

இந்தத் தண்டனைதான் கதையை மாற்றியது என்று எங்களுக்குப் படுகிறது. ஏற்கெனவே பல வருசமாக மனுவும் தூதுமாக ஓடித்திரிந்த நடையர் சங்கங்கள் இந்த அத்துமீறலை எதிர்த்தன. 'இவங்கள் வந்து காரியத்தைக் கெடுத்துப்போட்டாங்கள்' என்ற வழமையான கவலை. மலைகளுக்குப் போகும் உரிமை கேட்டு ஜேம்ஸ் பிரைஸ் பாராளுமன்றத்தில் முதல் சட்டமூலம் கொண்டுவந்தது 1884இல். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக மனு போனது, திரும்பி வந்தது. ஆனால் மலையில் நடந்ததற்காக இருபது வயதுப் பெடியன்கள் மறியலுக்குப் போனதும் சாதாரண சனத்துக்கே கோபம் வந்தது. அதே கோடையில் வின்னட்ஸ் கணவாயில் கூடின கூட்டத்தை 10,000 பேர் என்கிறார்கள். சங்கங்களின் பொறுமையான வேலையும் பெடியன்களின் அவசரமும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன. எது வென்றது என்று இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் பிடுங்குப்படுகிறார்கள். அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்து அத்துமீறலுக்குப் பத்திரிகை விளம்பரம் பார்த்த இவன் மக்கோல் கட்டின 'மன்செஸ்டர் ரம்ப்ளர்' பாட்டு மட்டும் எல்லாத் தரப்புக்கும் சொந்தமாகிவிட்டது.

1949இல், போருக்குப் பிந்திய தொழிற்கட்சி அரசாங்கம் தேசியப் பூங்காச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1951 ஏப்ரலில் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது வேறெதுவும் இல்லை, பீக் டிஸ்ட்ரிக்ட்தான். 1965இல் ஈடேல் கிராமத்திலிருந்து ஸ்கொட்லாந்து எல்லைவரை 268 மைல் நீளமான பெனைன் வே திறந்தது. ஈடேலுக்கு இன்றும் மன்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் ரெயில் இருக்கிறது. ஹேஃபீல்டு ரெயில் 1970இல் நிறுத்தப்பட்டது, தண்டவாளம் கிடந்த இடம் இப்போது நடைபாதை. வாகனம் இல்லாமல் போகிறவர்கள் ஈடேல் பக்கத்தால் ஏறுவதுதான் சுகம்.

சரி, நடந்தாச்சு. பசிக்குது.

ஈடேலில் பெனைன் வே தொடங்கும் இடத்துக்கு எதிரே 'ஓல்ட் நக்ஸ் ஹெட்' என்ற பப் இருக்கிறது. அங்கேயானாலும் வேறெங்கேயானாலும் நாட்டுப்புற பப் ஒன்றில் அமர்ந்தால் 'உழவர் மதிய உணவு' என்ற பெயரை எப்போதாவது பார்ப்பீர்கள். பாண் துண்டுகள், ஒரு கட்டி சீஸ், ஊறவைத்த வெங்காயம், பழுப்பு நிறத்தில் இனிப்பும் புளிப்புமான ஓர் ஊறுகாய், சில சமயம் அப்பிளும் பன்றி இறைச்சியும். பக்கத்தில் பியர். பெயரைப் பார்த்தால் கலப்பையை வரப்பில் சாத்திவிட்டு வந்த உழவர் ஒருவர் முன்னால் இருப்பது போல இருக்கும்.

அந்த உழவரைக் கண்டுபிடித்தது சீஸ் வியாபாரம். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் பிரித்தானியாவில் சீஸ் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. பாலில் பெரும்பகுதி அரசாங்கம் சொன்ன ஒரே வகைச் செடார் செய்யப் போனது. ஊருக்கு ஊர் இருந்த பல சீஸ் வகைகள் அந்தக் காலத்திலேயே ஒழிந்துபோயின. 1954இல் பங்கீடு முடிந்ததும் சனத்தை மீண்டும் சீஸ் தின்னப் பழக்க வேண்டி வந்தது. சீஸ் பியூரோ என்ற வியாபார அமைப்பு, பப்களில் பாணும் சீஸும் பியரும் சேர்த்து விற்பதை 1950களில் ஊக்குவித்தது. 1960களில் பால் சந்தைப்படுத்தல் சபை 'உழவர் மதிய உணவு' என்ற பெயரை நாடு முழுக்கப் பரப்பியது. 1983இல் இயன் மக்யுவன் எழுதி ரிச்சர்ட் அயர் இயக்கிய 'த ப்ளவ்மன்ஸ் லன்ச்' என்ற படம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. கடந்த காலத்தைத் தேவைக்கேற்பச் சமைத்துப் பரிமாறுவதைப் பற்றிய படத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சுவாரசியம். வயல் கூலிகள் பாணும் சீஸும் தின்றது உண்மை. விளம்பரக்காரர் எடுத்துவிட்டது பாணையோ சீஸையோ அல்ல, வறுமையை. 1795இல் டேவிட் டேவிஸ் என்ற கிராமப் பாதிரியார், தன் பங்கில் இருந்த கூலிக் குடும்பங்களின் வாராந்த வரவு செலவைக் கணக்கெடுத்து ஒரு புத்தகம் போட்டார். கூலியில் பெரும்பகுதி பாணுக்கே போய்விடுகிறது என்று அதில் தெரிகிறது. கொஞ்சம் பன்றிக்கொழுப்பு, கொஞ்சம் சீஸ் அல்லது பட்டர், பிறகு தேத்தண்ணி.

கூலிக்காரருக்குத் தேயிலை எதற்கு என்று அன்றைய கனவான்கள் திட்டித் தீர்த்தார்கள். வில்லியம் கொபெட் பல விசயங்களில் ஏழைகளின் பக்கம் நின்றவர், ஆனால் 1820களின் தொடக்கத்தில் எழுதிய 'கொட்டேஜ் எக்கொனொமி'யில் தேத்தண்ணியை விட்டுவிட்டு வீட்டில் பியர் காய்ச்சுங்கள் என்று மல்லுக்கட்டுகிறார். டேவிஸ் அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தார். மாடு வைத்திருக்க முடியாத குடும்பத்துக்குப் பால் இல்லை. மோல்ற் விலை ஏறினதால் பியர் இல்லை. ஊற்றுத் தண்ணியைச் சூடாக்கி நாலு தேயிலை போட்டு மலிவான சீனி கலந்தால் காய்ந்த பாண் உள்ளே இறங்கும். அது ஆடம்பரம் அல்ல, கடைசி வழி. மாடு ஏன் இல்லாமல் போனது? மேய்ச்சல் நிலத்துக்கு வேலி விழுந்ததால்.

அதாவது இங்கிலாந்துக் கிராமத்து மேசைக்குத் தேத்தண்ணி வந்த வழிகளில் ஒன்று, பறிபோன பொதுநிலத்தின் ஊடாக வந்தது. பட்டுத்துணி விரித்து, ஸ்கோனும் ஜாமும் வைத்து, டெவனில் கிரீமை முதலில் பூசுவதா கோர்ன்வோலில் ஜாமை முதலில் பூசுவதா என்று சண்டை பிடிக்கிற தேத்தண்ணி பிறகு வந்த கதை.

இந்த இடத்தில் எங்கட தீவும் கதைக்குள் வருகிறது. டேவிஸ் காலத்துத் தேயிலை சீனாவிலிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கோப்பைக்குள் விழுந்தது இந்தியாவும் இலங்கையும். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நடுவதற்கு முன்பே அதற்கான காணி ஆயத்தமாகியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுப்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் முடிக்குரியவை என்றது. கண்டிக் கிராமத்தவர் சேனை செய்த, மாடு மேய்த்த நிலம் கடதாசி இல்லாத நிலமாயிற்று. அதை வாங்கினவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே இருந்தார்கள். முதலில் கோப்பி, அதை நோய் தின்றபின் தேயிலை. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சனத்தை நடத்திக் கூட்டி வந்தார்கள். இங்கிலாந்தில் பொது வேலியடைப்புச் சட்டம் வந்தது 1845இல், ஐந்து வருசம் பிந்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரே கந்தோரில் எழுதினது மாதிரி இருக்கும். வித்தியாசமும் பெரியதுதான். வேலிக்கு வெளியே விழுந்த இங்கிலாந்துக் கூலியின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்கு கிடைத்தது, பிறகு தேசியப் பூங்கா கிடைத்தது. அந்தப் பூங்காச் சட்டம் வருவதற்கு ஒரு வருசம் முன்பு, 1948இல், எங்கட மலையகத்துச் சனத்தின் பெரும்பான்மைக்குக் குடியுரிமையே இல்லாமல் ஆக்கப்பட்டது.

மாளிகைகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பீக்கில் சட்ஸ்வொர்த் இருக்கிறது, கிண்டரைப் பூட்டி வைத்த அதே டெவன்ஷயர் கோமகன்களின் வீடு. அதன் முன்னால் விரிகிற இயற்கைக் காட்சி 1760களில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்கலைஞர் திட்டமிட்டுச் செய்தது. அங்கே போனால் என்சர் கிராமத்தைக் கட்டாயம் பாருங்கோ. வீட்டு யன்னலுக்குத் தெரிந்த பழைய கிராமத்தை 6ஆவது கோமகன் 1830களின் பிற்பகுதியிலிருந்து இடித்துத் தள்ளி, மேட்டுக்கு அப்பால் வடிவான வீடுகளாகப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். புதிய வீடுகள் பழையதைவிட நல்லவை, அதை மறுக்க ஏலாது. பழைய இடத்தில் தனித்து நிற்கிற ஒற்றை வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கோ. 1950இல் 10ஆவது கோமகன் இறந்தபோது விழுந்த மரண வரி குடும்பத்தை உலுக்கியது. ஹார்ட்விக் மாளிகை அரசுக்குப் போனது. சட்ஸ்வொர்த் ரிக்கெற் விற்றும், 1977இல் பண்ணைக் கடை திறந்தும் பிழைத்தது. அந்தக் கடையில் சாப்பாடு நல்லது, விலை கோமகன் விலை. யோர்க்ஷயரில் பார்படோஸ் சீனிக் காசில் எழும்பின ஹெயர்வுட் போன்ற வீடுகளும் இருக்கின்றன. தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனித்துவத்தோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு உண்டு என்று நஷனல் ட்ரஸ்ட் 2020இல் அறிக்கை வெளியிட்டபோது எழுந்த கூச்சலைப் பார்த்தால், தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்பதை எத்தனை பேர் விரும்பவில்லை என்பது விளங்கும்.

இனிப்புக்கு பேக்வெல் நகரம். பேக்வெல் புடிங் வேறு, பேக்வெல் டார்ட் வேறு. ஊர்க்காரரிடம் மாறிச் சொல்லிவிடாதீர்கள். ருட்லண்ட் ஆர்ம்ஸ் விடுதியின் சமையல்காரி பிழையாகச் செய்யப்போய்ப் பிறந்த பலகாரம் என்ற கதையை எல்லாக் கடையிலும் சொல்வார்கள். ஆனால் 1845இலேயே எலைசா அக்டனின் சமையல் புத்தகத்தில் அதன் செய்முறை அச்சாகிவிட்டது. ஹார்டிங்டனுக்குப் போனால் ஸ்டில்டன் சீஸ் வாங்கலாம். டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நொட்டிங்ஹம்ஷயர் மூன்றில் மட்டுமே அதைச் செய்யலாம் என்று சட்டம் இருப்பதால், ஸ்டில்டன் என்ற ஊரிலேயே ஸ்டில்டன் செய்ய முடியாது. காணிக்கு மட்டுமில்லை, பெயருக்கும் அங்கே வேலி உண்டு.

2000ஆம் ஆண்டின் சட்டம் மலை, மேட்டுநிலம், பதிவுசெய்த பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகி நடக்கிற உரிமையைக் கொடுத்தது. அது இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதம். பக்கத்து ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் ஏறக்குறைய எங்கேயும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். இங்கிலாந்தில் அனுமதி கேட்காமல் கூடாரம் அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிற பெரிய வெளி என்றால் டார்ட்மூர்தான். அதற்கும் ஒரு காணிக்காரர் வழக்குப் போட்டார். 2023 ஜனவரியில் அவர் வென்றார், ஜூலையில் மேன்முறையீட்டில் தோற்றார், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்.

சட்டம் திறந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறப்பதில்லை. கயானாவில் பிறந்து பிரித்தானியாவில் வளர்ந்த இன்கிரிட் பொலார்ட், 1980களின் பிற்பகுதியில் 'பாஸ்ரரல் இன்ரர்லூட்' என்ற புகைப்படத் தொடரைச் செய்தார். லேக் டிஸ்ட்ரிக்ட் வயல்வெளியில் கறுப்பின மனிதர்கள் நிற்கிற படங்கள். அழகான இடம், ஆனால் நிற்கிறவர்களின் உடம்பில் ஒரு தயக்கம் தெரியும். புலம்பெயர்ந்த எங்கட ஆக்கள் மலைக்குப் போனால் பத்துப் பேராகத்தான் போகிறார்கள் என்று பகிடி பண்ணுவோம். சோற்றுப் பார்சல் மட்டும் காரணமில்லை.

ஹேஃபீல்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. போடன் பிரிட்ஜில் அந்தக் கல்லுடைத்த குழி இப்போது வாகனத் தரிப்பிடம். பாறையில் 1932இன் நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள். 2002 ஏப்ரலில், எழுபதாவது வருட நினைவுக்கு, 11ஆவது டெவன்ஷயர் கோமகன் அங்கே வந்து தன் பாட்டனார் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ரொத்மன் அதே வருடம் ஜனவரியில் இறந்திருந்தார். அங்கிருந்து நீர்த்தேக்கத்தின் ஓரத்தால் போய் வில்லியம் க்ளஃப் வழியாக ஏறி வர அரைநாளுக்கு மேல் பிடிக்கும். மேலே கடை கிடையாது, மழை எப்ப வரும் என்று சொல்ல ஏலாது. பாணும் சீஸும் கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போங்கோ.